பயணப் பேனாவும் குழாய்க்கடைக்காரர் கையெழுத்தும்

ஜூன் 4

மதிப்பிற்குரிய குழாய்க்கடைக்காரர் ஐயாவுக்கு,

வணக்கம். நம் மைப்பேனா குழுவில் என்னைக் கேக்கம்மா என்று கூப்பிடுகிறார்கள். அதுவே போதும். பயணப் பேனா உங்களுக்கு அடுத்து என்னிடம் வர வேண்டும். போன மாதக் கடைசியில் வந்திருக்க வேண்டியது. தினமும் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து, அவர் இப்போது என்னைக் கண்டாலே தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

விதி உங்களுக்குத் தெரியும். நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பேனா ஒருவரிடம் ஒரு மாதம்தான். அதற்குள் அந்தப் பேனாவால் ஒரு பக்கம் எழுதிப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். பிறகு அடுத்தவருக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். நடுவில் ஏதாவது பேச வேண்டுமென்றால் போன் கூடாது, கடிதம்தான். பேனாவுக்குச் சொந்தக்காரரான கண்ணாடிக்கடை அண்ணன் இதில் கறார். முன்பு ஒருவர் வைத்துக்கொண்டு இழுத்தடித்தபோது, பேனாவைத் திரும்ப வரவழைத்து அந்தச் சுற்றையே நிறுத்திவிட்டார். வரிசையில் கடைசியில் நின்றவள் நான். இந்தச் சுற்றிலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு என்ன அவசரம் என்று நினைப்பீர்கள். நான் ஒரு பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுத்துதான். ஆனால் நான் எழுதிய எதுவும் மறுநாள் இருந்ததில்லை. வெட்டித் தின்றுவிடுகிறார்கள். அதற்காகத்தானே எழுதுகிறோம், அதில் வருத்தமில்லை. ஆனாலும் அறுபது எழுபது வருஷமாக உயிரோடு இருக்கிற ஒரு பேனாவைப் பிடித்து, யாரும் தின்ன முடியாத ஒரு பக்கம் எழுதிப் பார்க்க ஆசை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். "பேனாவுக்கு இப்படிக் காத்துக்கிட்டிருக்கியே, நான் லேட்டா வந்தா ஒருநாளாச்சும் வாசலைப் பாத்திருக்கியா" என்று கேட்கிறார்.

தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கேக்கம்மா

ஜூன் 11

கேக்கம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தாமதத்துக்குக் காரணம் உண்டு. முதலில், பேனாவுக்கு ஏற்ற பெட்டி அமையவில்லை. என் கடையில் இருக்கிற பெட்டியெல்லாம் வால்வும் குழாய் மூட்டும் போடுகிற பெட்டி. அதில் பேனாவைப் போட்டால் கப்பலில் எறும்பை ஏற்றின கதை. இரண்டாவது, தபாலுக்குப் போகும் பணியாள் லீவில் இருக்கிறான். மூன்றாவது, மழை.

நான் வியாபாரி. சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது நல்ல பேனா. என்னிடம் புதுப் பேனா இரண்டு இருக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு, பெட்டி பிரிக்கவில்லை. ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன், சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பயணப் பேனா என்னிடம் ஆகஸ்ட் கடைசி வரை இருக்கட்டும். பழைய சரக்குக்குப் புதுச் சரக்கு. இப்படி ஒரு பேரம் என்னிடம் வேறு யாருக்கும் படிந்ததில்லை.

கண்ணாடிக்கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை. நம் இருவருக்குள் முடிகிற விஷயம்.

வேண்டாம் என்றால் சொல்லுங்கள். ஆனால் வேண்டாம் என்று சொல்லுவதற்கு முன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள். அவசரத்தில் மறுத்த பேரம் எல்லாம் பின்னால் உறுத்தும், எனக்கே உறுத்தியிருக்கிறது.

இப்படிக்கு,
குழாய்க்கடை

ஜூன் 19

குழாய்க்கடை ஐயாவுக்கு,

தூங்கி எழுந்து, இரண்டு மூன்று நாள் வேலையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புதுப் பேனா வேண்டாம்.

மழை என்றீர்கள். எங்கள் வீட்டுக்காரர் உங்கள் பக்கம்தான் சரக்கு இறக்கிவிட்டு வந்தார். வெயிலில் டயர் உருகுகிறதாம்.

அது போகட்டும். உங்கள் கடிதத்தை நான் படித்ததைவிடப் பார்த்ததுதான் அதிகம். அந்தப் பேனாவாலேயே எழுதியிருக்கிறீர்கள், கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது, அழுத்தாமலே தடித்து மெலிந்து போகிறது. ஆனால் வரி மேலேறி மேலேறிப் போய்க் காகிதத்தின் ஓரத்தில் முட்டுகிறது. "வியாபாரி" என்ற சொல்லை இரண்டு தடவை ஆரம்பித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சுழிக்கும் நடுவில் ஒரு மைப்பொட்டு. பேனா அங்கே நின்று மூச்சு வாங்கியிருக்கிறது.

ஐயா, நான் கை பார்த்துப் பிழைக்கிறவள். க்ரீம் பையைப் பிடிக்கிற கை கொஞ்சம் ஆடினாலும் "இனிய" என்பது "இணிய" மாதிரி நிற்கும், வாங்க வந்தவர் கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவசரத்தில் எழுதுகிற கை எப்படி, குடித்துவிட்டு எழுதுகிற கை எப்படி, பயந்து எழுதுகிற கை எப்படி என்று தெரியும். உங்களுடையது இதில் எதுவும் இல்லை.

உடம்புக்கு என்ன? கேட்கக் கூடாது என்றால் மன்னியுங்கள். பேனா பிறகு வரட்டும்.

கேக்கம்மா

ஜூன் 25

கேக்கம்மா அவர்களுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனா அடுத்த வாரம் வந்து சேரும். என் கையைப் பற்றிக் குழுவில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

குழாய்க்கடை

ஜூலை 2

கேக்கம்மா அவர்களுக்கு,

பேனாவைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன். கடையில் வேலை செய்கிறவர்கள் பார்த்துச் சிரிப்பதற்கு முன் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவது லாபம் என்று தோன்றியது.

போன வருஷக் கடைசியில் கல்லாவில் உட்கார்ந்தபடியே வலது பக்கம் சாய்ந்தேன். லேசான பக்கவாதம் என்றார்கள். கால் திரும்பி வந்துவிட்டது, வாய் அதற்கு முன்பே வந்துவிட்டது. கை மட்டும் பாதிதான் வந்திருக்கிறது. சாதாரணப் பேனாவை அழுத்திப் பிடித்தால் விரல் மரத்துப் போகிறது. வைத்தியர் எழுதிப் பழகச் சொன்னார். பழகுவதற்குச் சுலபமான பேனா எது என்று தேடித்தான் உங்கள் குழுவுக்கே வந்தேன். எனக்குப் பேனா மேல் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. பயணப் பேனா வந்தது. காகிதத்தில் வைத்தால் தன் கனத்திலேயே எழுதுகிறது. நான் கூடப் போனால் போதும்.

என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். என் கடை இருக்கிற கட்டடத்துக்கு நான் பாதி வாழ்நாளாக வாடகை கொடுக்கிறேன். உரிமையாளர் விற்கச் சம்மதித்து, நான் நோய்வாய்ப்படுவதற்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. பத்திரப் பதிவு ஆகஸ்ட் 21. அன்று போடும் கையெழுத்தும் பழைய கையெழுத்தும் ஒத்துப்போக வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் என் கையைப் பார்த்துவிட்டு, "அதுக்கென்னண்ணே, கையெழுத்து வரலன்னா கைநாட்டு வச்சுக்கலாம், செல்லும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் மகன் இன்னும் ஒரு படி மேலே போய், "என் பேர்ல எழுதிடலாமேப்பா, எப்படியும் எனக்குத்தானே" என்றான். எப்படியும் அவனுக்குத்தான். ஆனால் என் வழியாகப் போகட்டும்.

எங்கள் அப்பா மூட்டை தூக்கியவர். எந்தக் காகிதம் வந்தாலும் கட்டைவிரலை நீட்டுவார். எதிரே இருப்பவன் அந்த விரலைப் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் வைப்பான். எதில் வைத்தோம் என்று வீட்டுக்கு வந்து எங்களைக் கேட்பார். எங்களுக்கும் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. சிமெண்டுச் சாக்கின் பின்பக்கம் எழுதிப் பழகினேன். அழகாக இருக்காது, ஆனால் நீளமாக, வால் வைத்து, கடைசியில் இரண்டு புள்ளியோடு இருக்கும். அதை வைத்துக் கடன் வாங்கினேன், கடை வைத்தேன், பெண் கொடுத்தேன். சொந்த இடம் வாங்குகிற அன்றைக்குக் கட்டைவிரலை நீட்டமாட்டேன்.

குழுவில் சொல்ல முடியாது. அதில் ஒருவர் எனக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். கடைக்காரன் கை ஆடுகிறது என்று தெரிந்தால், சரக்கு அனுப்புகிறவன் நாளைக்கே முன்பணம் கேட்பான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன்.

வேறு பழைய பேனா வாங்கிக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். வாங்கினேன். ஒன்று கீறுகிறது, ஒன்று கக்குகிறது. பழகின வழியில்தான் கழுதைகூட நடக்கும், என் கை கழுதையைவிட மோசம்.

பேனா உங்கள் உரிமை. அனுப்பு என்று ஒரு வரி எழுதினால் அன்றைக்கே அனுப்புவேன். இதில் பேரம் இல்லை.

குழாய்க்கடை

ஜூலை 9

அண்ணனுக்கு,

இனி ஐயா எல்லாம் இல்லை. என் வீட்டுக்காரரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், தப்பாக நினைக்க வேண்டாம், அவர் லாரிக்கு வெளியே எதையும் யாரிடமும் பேசாத ஆள். கேட்டுவிட்டு, "அந்த ஆள்கிட்ட பேனாவை அனுப்பச் சொன்னீன்னு வச்சுக்கோ, நான் உன்கூடப் பேசமாட்டேன்" என்றார். நான் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சில வெற்றிகளை ஆம்பளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

பேனா ஆகஸ்ட் 21 வரை உங்களிடமே இருக்கட்டும். எனக்கு வந்து சேர்ந்துவிட்டதாக இன்று குழுவில் எழுதிவிட்டேன். கண்ணாடிக்கடை அண்ணன் உடனே பெருவிரல் உயர்த்திப் படம் போட்டார். அதைப் பார்த்து உங்கள் ஞாபகம் வந்து சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டேன்.

ஒரே சிக்கல். எனக்குப் பிறகு லிஃப்ட் மெக்கானிக் தம்பி. அவன் ஒன்றும் அவசரப்பட மாட்டான், அவனைப் பேசி நிறுத்தலாம். நீங்கள் இன்னும் பக்கம் போடாததைப் புதியவர் என்று விட்டுவிட்டார்கள், ஆனால் நான் ஒரு பக்கம் எழுதிப் படம் போட்டாக வேண்டும். அந்த நிப் போடுகிற கோடு வேறு எந்தப் பேனாவிலும் வராது, இவர்களுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆகவே நீங்களே அந்தப் பேனாவால் எனக்காக ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அன்றைக்கு என்ன வேலை செய்தோம் என்று எழுதுவதுதான் வழக்கம். கேக் வேலை என்று எழுதுங்கள், போதும்.

இன்னொன்று. வரி மேலே ஏறுகிறது என்றால் விரலால் எழுதுகிறீர்கள். நான் க்ரீம் பிழிகிறபோது விரல் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும், தோளிலிருந்துதான் எழுத்து வரும். காகிதத்தை இடது பக்கம் சாய்த்து, முழங்கையை மேசையில் ஊன்றாமல் போட்டுப் பாருங்கள். சரிப்படாவிட்டால் என்னைத் திட்டுங்கள்.

தங்கச்சி

ஜூலை 17

தங்கச்சிக்கு,

தங்கச்சி என்று எழுதிவிட்டுப் பின்னால் "நீங்கள்" போட எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்.

தோள் வைத்தியம் நடக்கிறது. கையெழுத்தின் வால் திரும்பி வந்துவிட்டது. இரண்டு புள்ளியில் ஒன்று இன்னும் காகிதத்துக்கு வெளியே மேசையில் விழுகிறது.

நீ கேட்ட பக்கம் இதோடு இருக்கிறது. எழுத ஒரு நாள் பிடித்தது. கேக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும், தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துப் போடு.

இத்தனை வருஷ வியாபாரத்தில் எனக்காகப் பொய் சொன்னவர்கள் எல்லோரும் அதற்கு ஏதோ ஒன்று எதிர்பார்த்தார்கள். நீ என்ன எதிர்பார்க்கிறாய் என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. உன் வீட்டில் குழாய் ஒழுகினால் சொல், அதுவரை எனக்கு மனசு ஆறாது.

அண்ணன்

ஜூலை 28

அண்ணனுக்கு,

படித்துப் பார்த்துப் போடு என்றீர்கள். அன்றைக்குப் பார்த்துக் கல்யாண ஆர்டர். மாவுக் கையோடு படம் எடுத்து, படிக்காமலே போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து படித்தால் தலையில் அடித்துக்கொண்டேன். "இன்று நாலு அங்குலக் கேக் ஆறு உருப்படி, எட்டு அங்குலக் கேக் இரண்டு உருப்படி விற்பனை ஆனது. ஒன்றில் மூட்டு சரியில்லாமல் க்ரீம் கசிந்தது. அடைத்துக் கொடுத்தேன்." அண்ணா, கேக்குக்கு எங்கே அண்ணா மூட்டு?

ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. எழுத்தைத்தான் பார்த்தார்கள். என் எழுத்து எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் இல்லையா. குழுவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பல் டாக்டர்தான் முதலில் கேட்டார், "கேக்கம்மா, கைக்கு என்னாச்சு?" நான் என்ன சொல்ல? "கொஞ்சம் சுகமில்லை" என்று போட்டேன். அவ்வளவுதான், மடை திறந்தது. கண்ணாடிக்கடை அண்ணன் தைலம் அனுப்புகிறேன் என்கிறார். லிஃப்ட் தம்பி, "எனக்கு ஷாக் அடிச்சு ஆறு மாசம் ஸ்பூன்கூடப் பிடிக்க வரலக்கா, இப்ப பத்து மாடி உசரத்துல ஸ்க்ரூ முடுக்குறேன், நீங்க பேனாவை எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சுக்கோங்க" என்று எழுதியிருந்தான். பல் டாக்டர், "இந்தப் பேனா இதுவரைக்கும் எழுதின பக்கத்துலயே இதுதான் எனக்குப் பிடிச்சது. ஒவ்வொரு எழுத்தும் சண்டை போட்டு ஜெயிச்சு வந்து நிக்குது" என்றார். உங்களுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனிக் கணக்கர்கூட, அவருடைய அம்மாவுக்குப் பழக்கிவிட்ட பந்துப் பயிற்சியை வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறார். நீங்களும் குழுவில் படித்திருப்பீர்கள். எல்லாம் உங்களுக்கு வர வேண்டியது, என் விலாசத்துக்கு வந்துவிட்டது. தைலத்தை உங்களுக்குத் திருப்பிவிடுகிறேன்.

பந்துப் பயிற்சியை நீங்கள் செய்யலாம், நன்றாக இருக்கிறது.

இங்கே வேறு விசேஷம் இல்லை. பேக்கரி முதலாளியின் மச்சினிக்குப் பல் டாக்டரிடம் போக்குவரத்து. அங்கே பேச்சு வந்திருக்கிறது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கை நடுங்குதாமே, சொல்லக் கூடாதாம்மா, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோ" என்று பெயர் எழுதும் மேசையிலிருந்து எடுத்துவிட்டார். நான் அங்கேயே ஒரு கேக்கில் எழுதிக் காட்டினேன். "இன்னைக்கு நல்லா வருது, நாளைக்குக் கல்யாணக் கேக்குல நடுங்கிட்டா?" என்கிறார். இப்போது பெட்டி மடிக்கிறேன். அதுவும் ஒரு வேலைதான், உட்கார்ந்து செய்யலாம். ஆகஸ்ட் 21 முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் கையெழுத்தைப் பாருங்கள்.

தங்கச்சி

ஆகஸ்ட் 3

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் விஷயம் குழுவில் பார்த்திருப்பாய். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

கல்யாணக் கேக்கில் பெயர் எழுதுகிற கையைப் பெட்டி மடிக்க வைத்துவிட்டு, நான் இங்கே வால் வரைந்துகொண்டிருக்கவா? எனக்கு நஷ்டம் வந்தால் தாங்குவேன், அது தொழிலில் உள்ளது. என் நஷ்டத்தை இன்னொருத்தர் கடையில் இறக்கி வைத்துப் பழக்கமில்லை.

குழுவில் போட்டது இவ்வளவுதான்: "கேக்கம்மா பெயரில் வந்த பக்கம் நான் எழுதியது. நடுங்குகிற கை என்னுடையது. பக்கவாதம். பேனாவும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் கைக்கு ஒன்றுமில்லை. அவர் எனக்காகப் பொய் சொன்னார். கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள். பேனாவை நாளைக்கே அனுப்புகிறேன்." எழுதும்போது வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அதற்கு முன்பே, உன் பெயரில் வந்த ஆறுதலையெல்லாம் ஒரு மாதிரி திருட்டுத்தனமாக நான் படித்துக்கொண்டிருந்தேன் இல்லையா. கை நடுங்குகிறவரை இவர்கள் எப்படி நடத்துவார்கள் என்று பார்த்தாயிற்று. சரக்கு பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

உன் முதலாளிக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தாலேயே. "இதுதான் நடுங்குகிற கை, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கடையில் இருப்பது வேறு" என்று. கூடவே எங்கள் கடையின் ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய கேக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், பெயரை நீதான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. எங்கள் கடைக்கு ஆண்டு விழா எப்போது என்று எனக்கே தெரியாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன்

ஆகஸ்ட் 10

அண்ணனுக்கு,

நேற்றிலிருந்து மறுபடி பெயர் எழுதுகிறேன். முதலாளி உங்கள் கடிதத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "இந்த அம்மா கைக்குச் சாட்சிக் கடிதம்" என்று காட்டுகிறார். மானம் போகிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? கணக்கர் கம்பெனியில் சொல்லிவிட்டால் சரக்கு நின்றுவிடும் என்று எழுதியது நீங்கள்தானே? இரண்டு வாரம் பெட்டி மடித்தால் நான் தேய்ந்தா போவேன்? என் வீட்டுக்காரர், "நல்ல மனுஷன், ஆனா சொல் பேச்சு கேக்கமாட்டாரு போல" என்கிறார். அதைச் சொல்ல அவருக்கு எந்தத் தகுதியும் இல்லை, ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

பேனாவை அனுப்பாதீர்கள். கண்ணாடிக்கடை அண்ணன் குழுவில் எழுதியதைப் பார்த்தீர்களா? "விதியை நான்தான் போட்டேன், நானே தள்ளியும் வைப்பேன். பேனா பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டுத்தான் கேக்கம்மாவிடம் போகும்" என்றிருக்கிறார். என்னைப் பற்றியும் ஒரு வரி போட்டார். பொய் சொன்னதற்குத் தண்டனையாக அடுத்த சுற்றில் நான்தான் கடைசியாம். ஏற்றுக்கொண்டேன்.

பதிவு அலுவலகத்துக்கு வயிறு காய்ந்து போகாதீர்கள். பையனைக் கூட்டிப் போங்கள். அவன் உங்களிடமிருந்து பிடுங்கப் பார்க்கவில்லை அண்ணா. கல்லாவில் சாய்ந்தபோது உங்களைத் தாங்கிப் பிடித்தது யார் என்று நீங்கள் இதுவரை எழுதவில்லை. அவனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கச்சி

ஆகஸ்ட் 23

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தோடு பேனா வருகிறது. துடைத்து, கழுவி, உன் பேக்கரியில் கேக்கைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பீர்களே, அதைவிடப் பத்திரமாகக் கட்டியிருக்கிறேன். பெட்டி கிடைத்துவிட்டது.

அவன்தான் தாங்கினான். சரியாகச் சொன்னாய்.

இனி 21ஆம் தேதியைக் கேள். காலையிலேயே போய்விட்டோம். நான், மகன், கட்டட உரிமையாளர், பத்திரம் எழுதுகிறவர். என் கை அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்த கையெழுத்து பழையதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. மேசையில் பத்திரத்தை வைத்தார்கள். பேனாவைத் திறந்தேன். தோளிலிருந்து இழுத்தேன். வால், சுழி, இரண்டு புள்ளி. அதிகாரி பழைய ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். நான் மூடியைப் போட்டேன்.

"அடுத்த பக்கம்" என்றார்.

தங்கச்சி, ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டுமாம். ஒவ்வொரு பக்கத்திலும். ஒரு கத்தைக் காகிதம். மாதக்கணக்கில் ஒரே ஒரு கையெழுத்துக்குப் பழகியிருக்கிறேன். இத்தனை வருஷம் பிறருக்கு வாடகை கொடுத்தவனுக்குச் சொந்தப் பத்திரம் எப்படி இருக்கும் என்று என்ன தெரியும்? பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்தேன். "அது எல்லாருக்கும் தெரியுமேண்ணே" என்றார்.

மூன்று நான்கு பக்கம் போனது. பிறகு வால் சுருங்கியது. பிறகு வால் போய்விட்டது. விரல் மரத்து, பேனா கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காகிதம் வேறு நழுவியது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார், "சார், சிரமப்படாதீங்க, மீதிக்கு ரேகை வச்சிடலாம்."

நான் மகனைப் பார்க்கவில்லை. அவன்தான் என் பக்கத்தில் வந்து குனிந்தான். கையைப் பிடிக்கப் போகிறான் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். அவன் காகிதத்தின் மேல் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தான். அவ்வளவுதான். "நழுவாதுப்பா, போடுங்க" என்றான். பின்னால் திரும்பி, "கொஞ்சம் நேரம் ஆகும், யாருக்காச்சும் அவசரம்னா முன்னாடி போயிடுங்க, நாங்க அப்புறம் முடிச்சுக்கிறோம்" என்றான். இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போய் முடித்துக்கொண்டார்கள். அதிகாரி சாப்பிடப் போய்விட்டு வந்தார். அப்போதும் போட்டுக்கொண்டிருந்தேன். மகன் குனிந்தபடியே நின்றான். அவனுக்கு இடுப்பு வலி உண்டு.

கடைசிப் பக்கத்தில் விழுந்தது கையெழுத்தே இல்லை. ஒரு கோடு, ஒரு புள்ளி. அதிகாரி பழையதோடு ஒப்பிடக்கூட இல்லை. "முதல் பக்கத்துலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே வர்றேன், உங்களோடதுதான்" என்று முத்திரை போட்டார்.

எழுந்தேன். "உக்காருங்க சார், இன்னும் ரேகை வைக்கணும்" என்றார். "அதான் எல்லாப் பக்கத்துலயும் போட்டாச்சே" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். அதற்குள் கட்டட உரிமையாளர், நாலெழுத்து படித்து மேல்நாட்டில் வேலை பார்த்தவர், சட்டைக் கையை மடித்துவிட்டு இடது கட்டைவிரலை மைத்திண்டில் அழுத்திக் காகிதத்தில் வைத்துவிட்டு, "சோப்பு போட்டாலும் போகாது" என்று அலுத்துக்கொண்டே கைக்குட்டையைத் தேடினார். பின்னால் ஒரு வக்கீல், அவருக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, எல்லோரும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இப்போதெல்லாம் விற்கிறவர், வாங்குகிறவர், எல்லோருமே கையெழுத்தும் போட்டு ரேகையும் வைக்க வேண்டுமாம். மகனிடம், "உனக்குத் தெரியுமாடா" என்றேன். "தெரியும். சொன்னா நீங்க வரமாட்டீங்க" என்றான்.

இடது கைக்கு நோவு ஒன்றும் கிடையாது. மையில் வைத்தேன், பத்திரத்தில் வைத்தேன். சுத்தமாக, வரி வரியாக விழுந்தது. அன்றைக்கு நான் போட்டதிலேயே தெளிவாக இருந்தது அதுதான்.

கணக்கர் கம்பெனி முன்பணம் கேட்டது. கொடுக்கமாட்டேன் என்று வேறு இடத்தில் சரக்கு எடுத்தேன். இரண்டு நாளில் அவர்களே கூப்பிட்டார்கள். நீ அதை நினைத்துக் கவலைப்படாதே.

பேனாவால் உனக்கு வேண்டியதை எழுது. அவசரமில்லாமல் எழுது.

பதிவு முடிந்து நேராகக் கடைக்குப் போனோம். விரலை நான் துடைக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து முதல் பில்லைக் கிழித்துக் கொடுக்கும்போது கட்டைவிரல் பட்டு அதன் மேல் அச்சு விழுந்துவிட்டது. "வேற பில் போட்டுத் தரட்டுமாப்பா" என்று மகன் கேட்டான். அப்படியே கொடு என்றேன்.

அண்ணன்